கடல்மேல் ஓடும் விசையூர்தி: ஏறுமுன் கற்க வேண்டிய பாடம்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகனைத் தரிசிப்பதற்கும், மாசி மகத்தன்று தெலுக் பாஹாங் சிங்கமுகக் காளியம்மன் ஆலயத் தெப்பத் திருவிழாவைக் காண்பதற்கும், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுவதற்கும் கெடா, வட பேரா, செபராங் பிறை வட்டாரத் தோட்டங்களிலிருந்து நம் மக்கள் பேருந்து அமர்த்திப் பினாங்குக்கு வருவது நெடுநாளைய வழக்கம். வழிபாடு முடிந்து, கட்டுச்சோறு உண்டு களைப்பாறியபின், பேருந்து பெரும்பாலும் தீவின் வடகரையிலுள்ள பத்து பெரிங்கிக் கடற்கரையை நோக்கித் திரும்பும்.

அக்கரையில் கால் வைத்தவுடன் இளைஞரின் கண்ணைக் கவர்வது, நீரைக் கிழித்துக்கொண்டு பறக்கும் ஒரு சிறு விசையூர்தியாகும். இதனை மக்கள் ‘ஜெட் ஸ்கீ’ என்பர். உண்மையில் அது ஒரு நிறுவனம் தன் ஊர்திக்கு இட்ட வணிகப் பெயர். காலப்போக்கில் அவ்வகை ஊர்திகள் அனைத்திற்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. இப்பாடத்தில் நாம் அதனை நீரூர்தி என்று குறிப்போம்.

நீரூர்தியில் ஏறவே கூடாது என்று தடுப்பது இப்பாடத்தின் நோக்கமன்று. வாரம் முழுவதும் விடியுமுன் எழுந்து மரம் சீவி, பால் சுமந்து உழைக்கும் பாட்டாளிக்கு ஒரு நாள் கடலின்பம் வேண்டும்தான். ஆனால் அவ்வின்பத்தை நாடுவோர் பலர் நீந்தத் தெரியாதவர். அவ்வூர்தியை அன்றுதான் முதன்முதலாகத் தொடுபவர். ஆதலின் ஏறுமுன் அறிய வேண்டியவற்றை நாம் முறையாகக் கற்றுக்கொள்வோம்.

நான் செய்த பிழை

பாடத்தைத் தொடங்குமுன் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுவது முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு விடுமுறை நாளில், அக்காள் மகனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு நீரூர்தி ஒன்றை ஓட்டினேன். வாடகைக்கு விட்டவர் புறப்படுமுன் சிலவற்றை எடுத்துச் சொன்னார். இருபது ஆண்டுக்காலம் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான் என்ற எண்ணத்தில் அவற்றைச் செவிமடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். முதல் பத்து நிமிடம் இன்பமாகவே கழிந்தது. கரையை நோக்கித் திரும்புகையில், முன்னால் நீரின்மேல் தேங்காய் மிதப்பது போன்று ஏதோ தென்பட்டது. அண்மையில் வந்த பின்னரே அது ஒரு மனிதரின் தலை என்று தெரிந்தது.

மோட்டார் சைக்கிளில் என்ன செய்வேனோ அதையே செய்தேன். விசையை அறவே விட்டேன். கைப்பிடியை வலப்புறம் முழுவதும் திருப்பினேன். ஊர்தி திரும்பவில்லை. அம்மனிதரை நோக்கி நேராகவே சென்றது. அவர் மூச்சடக்கி நீருக்குள் அமிழ்ந்து பக்கவாட்டில் உதைத்து விலகினார். ஒரு கை நீள இடைவெளியில் ஊர்தி அவரைக் கடந்தது.

கரையேறி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரும் நம் தோட்டப்புறத்து மனிதரே. சினந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “என் பிள்ளை கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், ஐயா” என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீங்கள் கையைத் திருப்பியதை நான் பார்த்தேன். வண்டி ஏன் திரும்பவில்லை?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. பின்னர்த் தேடிக் கற்ற விடையே இந்தப் பாடம்.

1. நீரூர்தி ஓடும் விதம்

நீரூர்தியின் முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்கரான கிளேட்டன் ஜேக்கப்சன். அவர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஈடுபட்டவர். 1960களில் அவர் மனத்தில் உருவான எண்ணம், 1970களின் தொடக்கத்தில் ஜப்பானிய நிறுவனமான கவாசாக்கி வழியாகச் சந்தைக்கு வந்தது. தொடக்கத்தில் நின்றுகொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. 1980களில் அமர்ந்து செல்லும் வகைகள் பரவின. மோட்டார் சைக்கிளைப் போன்ற இருக்கையும் கைப்பிடியும் இதற்கு இருப்பதால், நிலத்தில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் இதையும் ஓட்டிவிடலாம் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் தோற்றத்தில் மட்டுமே இரண்டும் ஒன்று.

மோட்டார் சைக்கிளுக்குச் சக்கரங்கள் உண்டு. அவை தரையைப் பற்றிக்கொள்கின்றன. விசையை விட்டாலும் முன்சக்கரம் திரும்பிய திசையில் வண்டி செல்லும். நீரூர்திக்குச் சக்கரமும் இல்லை. பெரும்பாலான வகைகளில் படகுகளுக்கு உள்ளது போன்ற சுக்கானும் இல்லை.

அதன் அடிப்பகுதியில் கம்பித் தடுப்பு இட்ட ஒரு வாய் உண்டு. விசைப்பொறி ஓடும்போது உள்ளேயிருக்கும் சுழல் விசிறி அவ்வாய் வழியே கடல்நீரை உறிஞ்சி, பின்புறத்திலுள்ள குழல் வழியே பெருவிசையுடன் பீச்சுகிறது. நீர் பின்னோக்கிப் பாய, ஊர்தி முன்னோக்கித் தள்ளப்படுகிறது. தண்ணீர்க் குழாயை முழு விசையுடன் திறந்தால் கையிலுள்ள ரப்பர்க் குழாய் பின்னோக்கித் துள்ளுவதை நாம் கண்டிருக்கிறோம். அதே விதிதான் இங்கும் செயல்படுகிறது.

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். நாம் கைப்பிடியைத் திருப்பும்போது திரும்புவது பின்புறத்துப் பீச்சுக்குழலே ஆகும். பீச்சும் நீரின் திசை மாறுவதால் ஊர்தியின் திசையும் மாறுகிறது. விசையை விட்டுவிட்டால் நீர் பீச்சுவது குன்றிவிடும். நீர் பீச்சாதபோது குழல் எப்பக்கம் திரும்பியிருந்தாலும் பயனில்லை. ஊர்தி தான் வந்த வேகத்தில் நேரே வழுக்கிக்கொண்டு செல்லும்.

சுருங்கச் சொன்னால், விசை இல்லையேல் திசை இல்லை. அன்று கடற்கரையில் அந்த மனிதர் கேட்ட கேள்விக்கு விடை இதுவே.

2. நிலத்துப் பழக்கம் நீரில் உதவாது

நாள்தோறும் சாலையில் செல்லும் நமக்கு மூன்று பழக்கங்கள் கையோடு ஊறியுள்ளன. கடலுக்குச் செல்கையில் அம்மூன்றையும் கரையிலேயே விட்டுச்செல்ல வேண்டும்.

முதலாவது, ஆபத்தைக் கண்டவுடன் விசையை விடும் பழக்கம். தடை தொலைவில் இருக்கும்போதே வேகத்தைக் குறைப்பது நன்று. ஆனால் தடை மிக அருகில் வந்துவிட்டால், விசையை விடாமல் அழுத்தியவாறே கைப்பிடியைத் திருப்பி விலக வேண்டும். இஃது அச்சத்தில் உடல் தானாகச் செய்வதற்கு நேர்மாறான செயல். ஆதலால் ஆள் நடமாட்டமில்லாத அகன்ற நீர்ப்பரப்பில், மிதமான வேகத்தில், இதனைப் பலமுறை பழகிய பின்னரே பிற இடங்களுக்குச் செல்ல வேண்டும். புதிய வகைகள் சிலவற்றில் விசையை விட்டபின்னும் ஓரளவு திரும்ப உதவும் அமைப்பு உண்டு. நமக்குக் கிடைத்த ஊர்தியில் அது உள்ளதா என்பதைக் கேட்டறிவதே அறிவுடைமை.

இரண்டாவது, பிரேக்கை நம்பும் பழக்கம். 2009 முதல் சில வகை நீரூர்திகள் பிரேக்குடன் வருகின்றன. மற்றவற்றில் பிரேக் என்பதே கிடையாது. வேகம் தானே தணிந்துதான் நிற்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும். மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில் விசையை விட்டால், அது நிற்பதற்கு ஏறத்தாழ 90 மீட்டர் தேவைப்படலாம். நம் தோட்டத்து அளவில் சொல்வதானால், நிரையில் மரத்திற்கு மரம் 3 மீட்டர் இடைவெளி என்றால், முதல் மரத்தருகே விசையை விட்ட ஊர்தி முப்பது மரங்களைத் தாண்டியபின்பே நிற்கும். மூவர் அமரும் ஊர்திகள் பல ஆளின்றியே 300 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இடப்புறம் ஒதுங்கும் பழக்கம். நம் நாட்டுச் சாலைகளில் இடப்புறமாகச் செல்கிறோம். ஆனால் கடல் மோதல்களைத் தடுப்பதற்காக 1972இல் வகுக்கப்பட்ட அனைத்துலக விதிகளின்படி, இரு விசைப்படகுகள் நேருக்கு நேர் வருமானால் இரண்டும் தத்தம் வலப்புறம் விலக வேண்டும். ஒருவர் கடல் விதிப்படி வலப்புறமும், எதிரே வருபவர் சாலைப் பழக்கத்தால் இடப்புறமும் விலகினால், இருவரும் ஒரே பக்கம் சென்று மோதிக்கொள்வர். குறுக்கே வரும் படகு நம் வலப்புறத்திலிருந்து வருமாயின் நாம் வழிவிட வேண்டும். இது மட்டும் சுற்றுச்சந்தியில் வலப்புறம் வருவோருக்கு வழிவிடும் நம் வழக்கத்தை ஒத்தது. முந்திச் செல்பவர், முந்தப்படும் படகுக்கு இடையூறின்றி விலகிச் செல்ல வேண்டும்.

3. ஏறுமுன் செய்ய வேண்டியவை

(அ) உயிர்காப்புச் சட்டை அணிக. மலாய் மொழியில் ‘ஜாக்கெட் கெசெலாமாத்தான்’ எனப்படும் இச்சட்டை உடலோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். அணிந்து, எல்லாக் கொக்கிகளையும் மாட்டியபின், தோள்பட்டைப் பகுதியை மற்றொருவர் மேல்நோக்கி இழுத்துப் பார்க்கட்டும். சட்டை காதுவரை ஏறிவிடுமானால் அது நமக்குரிய அளவன்று. வேறு கேட்டு வாங்குக. பிள்ளைகளுக்குப் பெரியவர் சட்டையை மாட்டிவிடுவது பாதுகாப்பன்று. நீரில் விழுந்தவுடன் பிள்ளை கீழே நழுவிவிடும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்குகளைப் பார்த்தால், படகு விபத்துகளில் மூழ்கி மாண்டோரில் ஐந்தில் நால்வருக்கு மேற்பட்டோர் இச்சட்டையை அணியாதவர்கள். வெயிலின் புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

(ஆ) நிறுத்துக் கயிற்றை மாட்டுக. விசைப்பொறியின் சாவியோடு இணைந்த சுருள் கயிறு ஒன்று உண்டு. அதன் மறுமுனையை ஓட்டுநர் தம் மணிக்கட்டிலோ சட்டையிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் விழுந்தால் கயிறு கழன்று, விசைப்பொறி நின்றுவிடும். மாட்டாமல் விழுந்தால் ஆளில்லாத ஊர்தி விலகிச் சென்றுவிடவும், பிறர்மேல் பாயவும் கூடும்.

(இ) உடையைச் சீர்செய்க. சேலை, துப்பட்டா, கைலி, அவிழ்ந்த கூந்தல், தொங்கும் கயிறு ஆகியவை உறிஞ்சு வாயின் அருகே சென்றால் உள்ளே இழுக்கப்படும். கூந்தலை முடிந்துகொள்க. பின்னால் அமர்பவர் பின்புறமாக விழுந்தால், பீச்சுக்குழலின் நீர் உடலின் கீழ்த்துவாரங்கள் வழியே பாய்ந்து உள்ளுறுப்புகளைக் கிழித்துவிடக்கூடும். இது பேசக் கூச்சமான செய்தியாயினும் மறைக்கத்தக்கதன்று. ஊர்தியின் எச்சரிக்கைப் பலகையிலேயே இஃது எழுதப்பட்டிருக்கும். மெல்லிய நீச்சலுடை இதனைத் தடுக்காது. தடித்த நீர்விளையாட்டுக் காற்சட்டையை அணிய வேண்டும் என்று ஊர்தியைச் செய்யும் நிறுவனங்களே வலியுறுத்துகின்றன. ஆண், பெண் இருபாலருக்கும் இது பொருந்தும்.

(ஈ) ஆள் கணக்கைப் பார்க்க. இருவருக்கான ஊர்தியில் மூவர் ஏறலாகாது. பதினாறு வயது நிரம்பாதவர் ஓட்டலாகாது என்பது ஊர்தி செய்யும் நிறுவனங்களின் அறிவுரை. அமர்ந்த நிலையில் பாதம் அடித்தட்டில் படாத சிறு பிள்ளையை ஏற்றலாகாது. பிள்ளையை ஓட்டுநருக்கு முன்னால் அமர்த்துவதும் கூடாது. திடீரென நின்றால் பிள்ளை கைப்பிடியில் மோதும்.

(உ) கேட்டுத் தெரிந்துகொள்க. ஊர்திக்கு உரிமம் உண்டா, காப்புறுதி உண்டா, எந்த எல்லைக்குள் ஓட்ட வேண்டும், நீந்துவோருக்குரிய பகுதி எது, பழுதுபட்டால் யார் வந்து மீட்பர் என்ற ஐந்து கேள்விகளையும் பணம் கொடுக்குமுன் கேளுங்கள். விடை கூறத் தயங்குபவரிடம் ஊர்தி எடுக்க வேண்டாம். அவர் விளக்கம் கூறும்போது, நான் செய்தது போன்று தலையை மட்டும் ஆட்டாமல், சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள்.

(ஊ) மது அருந்தியவர் ஓட்டலாகாது. மது, கண்ணின் கூர்மையையும் கையின் விரைவையும் குறைக்கும். வெயிலும் அலையும் சேர்ந்தால் அம்மயக்கம் மேலும் கூடும். ஒரு குவளைதானே என்ற சமாதானம் வேண்டாம்.

4. ஓட்டும்போது

இடுப்பளவு ஆழமுள்ள நீருக்குச் சென்றபின்பே விசைப்பொறியை இயக்குக. ஆழமற்ற இடத்தில் இயக்கினால் மணலும் கல்லும் கிளிஞ்சலும் உறிஞ்சு வாயினுள் நுழைந்து பொறியைக் கெடுப்பதுடன், பின்புறம் வீசப்பட்டு அங்குள்ளோரைக் காயப்படுத்தும்.

கரையிலிருந்து புறப்படும்போதும் திரும்பும்போதும் மனிதர் நடக்கும் வேகமே போதுமானது. நீந்துவோர், சிறு படகுகள், பிற நீரூர்திகள் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 50 மீட்டர் விலகிச் செல்க. பினாங்கைச் சூழ்ந்த கடல் தெளிந்த நீலக் கடலன்று, கலங்கல் மிகுந்தது. நீந்துபவரின் தலை மட்டுமே வெளியே தெரியும். மாலைக் கதிரவன் நீரில் பளபளக்கும்போது அதுவும் தெரியாது.

திரும்புமுன் தோளுக்குப் பின்னே ஒருமுறை நோக்குக. நீரூர்தி ஓட்டுநர் திடீரெனத் திரும்ப, பின்தொடர்ந்து வந்த நண்பரின் ஊர்தி மோதுவது இவ்விளையாட்டில் அடிக்கடி நேரும் விபத்து. நண்பர்மேல் நீர் தெறிக்கச் செய்யும் வேடிக்கையும், பெரிய படகின் பின்னலைமேல் தாவும் வீரமும் வேண்டாம். அலைக்கு அப்பால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

பின்னால் அமர்பவர் முன்னவரின் இடுப்பை இறுகப் பற்றி, பாதங்களை அடித்தட்டில் ஊன்றிக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் விசையைப் படிப்படியாகவே கூட்ட வேண்டும். சட்டென்று அழுத்தினால் பின்னவர் பீச்சுக்குழலுக்கு நேரே விழுவார்.

மீனவர் வலைகளுக்கு அருகே செல்லலாகாது. தெலுக் பாஹாங் முதலிய மீனவர் குடியிருப்புகளிலிருந்து செல்லும் படகுகள் விரித்த வலை, அம்மக்களின் வயிற்றுப்பாடு. அது நம் சுழல் விசிறியில் சிக்கினால் அவருக்கும் நட்டம், நமக்கும் ஆபத்து. உறிஞ்சு வாயில் ஏதேனும் சிக்கினால் விசைப்பொறியை நிறுத்தி, கயிற்றைக் கழற்றியபின்பே கை வைக்க வேண்டும். இயன்றவரை அப்பணியை வாடகைக்கு விட்டவரிடமே விட்டுவிடுக.

தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடைப்பட்ட கால்வாயில் சரக்குக் கப்பல்களும் பயணப் படகுகளும் ஓயாது செல்கின்றன. பெரிய கப்பல் நினைத்தவுடன் நிற்கவோ திரும்பவோ இயலாது. அதன் முகப்புக்கு அருகில் உள்ள சிறு ஊர்தி மாலுமியின் கண்ணுக்கும் புலப்படாது. வாடகை ஊர்திகள் அந்தப் பக்கம் செல்வதே கூடாது.

5. நீரில் விழுந்துவிட்டால்

முதலில் பதற்றத்தை அடக்குக. உயிர்காப்புச் சட்டை நம்மைத் தாங்கும். நிறுத்துக் கயிறு கழன்றிருந்தால் ஊர்தி அருகிலேயே மிதந்துகொண்டிருக்கும். கரை அண்மையில் இருப்பதுபோல் தோன்றினும் அதை நோக்கி நீந்த முற்பட வேண்டாம். கடலில் தொலைவு கண்ணை ஏமாற்றும், நீரோட்டமும் இழுக்கும். ஊர்தியைச் சென்றடைந்து பற்றிக்கொள்வதே முறை.

ஊர்தி கவிழ்ந்திருந்தால், அதனை எப்பக்கமாகப் புரட்டி நிமிர்த்த வேண்டும் என்பதை அதன் பின்புறத்தில் அம்புக்குறியிட்டுக் காட்டியிருப்பர். அவ்வாறே நிமிர்த்துக, மறுபக்கம் புரட்டினால் பொறிக்குள் நீர் புகும். பின்புறமாகவே ஏற வேண்டும். விசைப்பொறி அப்போது நின்றிருக்க வேண்டும். அனைவரும் ஏறி அமர்ந்தபின்பே மீண்டும் இயக்க வேண்டும். ஏற இயலாவிடில் ஊர்தியைப் பற்றிக்கொண்டு, ஒரு கையை உயர்த்தி மெதுவாக அசைத்து உதவி கோருக.

6. கரையில் இருப்போரின் கடமை

சுற்றுலாவுக்குத் தலைமை தாங்குவோர் பேருந்தில் ஏறும்போது மட்டுமே ஆட்களை எண்ணுவது வழக்கமாக உள்ளது. கடற்கரையில் இது போதாது. குழுவில் நீந்தத் தெரிந்த பெரியவர் இருவரை நீர்க்காவலராக முதலிலேயே நியமிக்க வேண்டும். அவர்கள் உரையாடவோ கைபேசியைப் பார்க்கவோ செல்லலாகாது. அரைமணிக்கொரு முறை வேறிருவர் அப்பொறுப்பை ஏற்கலாம். நீந்துவோர் எல்லையைக் காட்டும் மிதவைகள் இருந்தால் அவற்றுக்குள்ளேயே குளிக்க வேண்டும். அவை இல்லாத இடத்தில், நீரூர்திகள் புறப்பட்டுத் திரும்பும் பகுதியை விட்டு விலகிக் குளிக்க வேண்டும். கடலில் நீரூர்தி நமக்காக விலகும் என்று எண்ணுவது தவறு. அது ஏன் விலக முடியாமல் போகும் என்பதை முன்னர்க் கண்டோம்.

ஒருவர் நீரில் தத்தளிப்பதைக் கண்டால் உடனே குதித்துவிட வேண்டாம். மூழ்குபவர் மீட்க வந்தவரை இறுகப் பற்றி அவரையும் அமிழ்த்திவிடுவது உண்டு. கயிறு, மூடிய காலிக் கலன், உணவு வைத்துவந்த பனிப்பெட்டி என மிதக்கும் எதையேனும் அவரிடம் எறிந்து, 999 என்ற எண்ணை அழையுங்கள். கடல்துறை மீட்பினருக்கும் அவ்வெண் வழியே செய்தி சேரும்.

கரை சேர்த்தவரைத் தலைகீழாகத் தூக்குவதும், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் தீங்கானவை. மூச்சு இல்லையெனில் காலம் தாழ்த்தாமல் உயிர்ப்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். பயிற்சி பெற்றவர் முதலில் வாய்வழி மூச்சளித்து, பின் 30 முறை மார்பை அழுத்தி 2 முறை மூச்சளித்தல் என்ற முறையில், உதவி வரும்வரை தொடர்வர். தோட்டத்துக்கு ஒருவரேனும் இப்பயிற்சியைப் பெற்றிருப்பது, கடலுக்கு மட்டுமன்றி ஆற்றுக்கும் பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்கும் பயன்படும்.

7. கடலின் குணம்

காலையில் தெளிந்திருந்த வானம் பிற்பகலில் இடியும் மழையுமாக மாறுவது பினாங்கில் இயல்பு. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் ‘சுமாத்ரா’ எனப்படும் புயற்காற்று மலாக்கா நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியற்காலையிலும் முற்பகலிலும் மேற்குக் கரையைத் தாக்கும். கருமேகத் திரள் ஒரு சுவர்போல் எழுவதைக் கண்டாலும், இடியோசை கேட்டாலும், வாடகை நேரம் மிச்சம் இருக்கிறதே என்று எண்ணாமல் உடனே கரையேற வேண்டும். புறப்படும் நாளின் காலையில் வானிலைத் துறையின் ‘மைசுவாச்சா’ கைபேசிச் செயலியையோ வானொலிச் செய்தியையோ கேட்டறிந்து செல்வது நலம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பினாங்குக் கரைகளில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தோர் பலரை ஆழிப்பேரலை கொண்டுசென்றது. அன்று மலேசியாவில் மாண்ட 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில் இருந்தவரே. கடல்நீர் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கித் தரை தெரியுமானால், வேடிக்கை பார்க்க இறங்காமல் உயரமான இடத்துக்கு விரைய வேண்டும் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போமாக.

நிறைவுரை

மரம் சீவுவோர் தம் கத்தியின் இயல்பை அறிவர். பட்டையில் எவ்வளவு ஆழம் செல்லலாம், எங்கு நிறுத்த வேண்டும் என்பதைப் பழகிய பின்னரே நிரைக்குச் செல்வர். ஆழம் தப்பினால் மரத்திற்குக் காயம். அதுவும் பல ஆண்டு ஆறாத காயம். எந்தக் கருவியையும் அதன் இயல்பறிந்து கையாளும் அவ்வொழுக்கம் நம் தொழிலிலேயே உள்ளது. அதனைக் கடற்கரைக்கும் கொண்டு செல்வதே நாம் செய்ய வேண்டுவது.

அன்று என் கைத்தவற்றால் ஒரு பிள்ளை தந்தையை இழந்திருக்கக்கூடும். அவர் நீந்தத் தெரிந்தவராக இருந்தமையால் பிழைத்தார். என் அறிவால் அன்று. அடுத்த முறை உங்கள் பேருந்து பத்து பெரிங்கிக்குப் புறப்படுமுன், இப்பாடத்தை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பீர்களாக.

பயிற்சி வினாக்கள்

(குழுவாக அமர்ந்து கலந்துரையாடி விடை காண்க.)

1. நீரூர்தியில் கைப்பிடியைத் திருப்பும்போது உண்மையில் திரும்பும் உறுப்பு எது?

2. விசையை முற்றிலும் விட்டால் ஊர்தி திரும்பாதது ஏன்?

3. எதிரே ஒரு விசைப்படகு நேருக்கு நேர் வருகிறது. நீங்கள் எப்பக்கம் விலக வேண்டும்? இது நம் சாலை வழக்கத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

4. நிறுத்துக் கயிற்றை மாட்டாமல் ஓட்டினால் நேரக்கூடிய இரு தீங்குகள் யாவை?

5. உயிர்காப்புச் சட்டை நமக்குப் பொருத்தமானதா என்று சோதிப்பது எவ்வாறு?

6. உங்கள் தோட்டத்திலிருந்து நாற்பது பேர் கடற்கரைக்குச் செல்கின்றனர். நீர்க்காவலராக யாரை நியமிப்பீர்கள்? முறை மாற்றுவதற்கு ஒரு கால அட்டவணை வரைந்து காட்டுக.

செய்முறைப் பயிற்சி: இருவர் ஒரு பெஞ்சியில் முன்பின்னாக அமர்க. முன்னவர் கையில் ஒரு கோலைக் கைப்பிடியாகக் கொள்க. மூன்றாமவர் திடீரென “ஆள்!” என்று குரல் கொடுக்க, முன்னவர் விரலை விடாமல் அழுத்தியவாறே கோலைத் திருப்ப வேண்டும். விரலை விட்டவர் தோற்றவர். பத்து முறை தவறாமல் செய்தவரே கடலில் முதலில் ஓட்டத் தகுதியுடையவர்.